பிஎம்பி சர்டிஃபிகேஷன்: எந்த வேலையை முதல்ல பண்ணணும், எதை கடைசில பண்ணணும்

பிஎம்பி (பிஎம்ஐங்கிற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அமைப்பு, ப்ராஜெக்ட்டை வழிநடத்துறவங்களுக்கு எக்ஸாம் வெச்சு தர்ற சர்டிஃபிகேட்) எழுதணும்னு நினைக்கிறவங்க முதல்ல பண்றது ஒரு கோர்ஸ் வாங்குறது, அடுத்து யாரோ வாட்ஸாப்ல அனுப்பின ஆயிரம் கேள்வி இருக்கிற பிடிஎஃப்பை டவுன்லோட் பண்றது, அப்புறம் நாலஞ்சு மாசம் கழிச்சு அப்ளிகேஷன் பக்கத்தை திறந்து பார்த்துட்டு அங்கேயே நிக்கிறது. புதுசா வர்றவங்க கூட உட்கார்ந்து படிக்கிறப்போ இதையேதான் பார்த்துட்டு இருக்கேன். பாடம் கஷ்டமா இருந்து நின்னவங்க கம்மி. வரிசை தப்பா போய் நின்னவங்கதான் நிறைய. அதனால இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பத்திதான்.

1. எழுதத் தகுதி இருக்கான்னு பாருங்க

டிகிரி இருந்தா 36 மாசம் ப்ராஜெக்ட்டை வழிநடத்தின அனுபவம் வேணும். டிப்ளமா, பிளஸ் டூன்னா 60 மாசம். இது கூட 35 மணி நேர ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பயிற்சி, அதைப் பின்னாடி பார்ப்போம். 3 வருஷ டிகிரிக்காரங்க அது செல்லுமான்னு பிஎம்ஐக்கு ஒரு மெயில் போட்டு உறுதி பண்ணிட்டு ஆரம்பிங்க, ஃப்ரெண்டு சொன்னான்னு போகாதீங்க. அனுபவம் எந்த வருஷத்துல இருந்து செல்லும்ங்கறதும் பிஎம்ஐயோட பிஎம்பி ஹேண்ட்புக்ல இருக்கு, பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி பண்ணின வேலையை நம்பி இறங்காதீங்க.

"ஆனா நான் மேனேஜர் இல்லையே"ன்னு ஒதுங்குறவங்க நிறைய பேர். டிசிக்னேஷன் முக்கியம் இல்ல. தோஹால ஒரு வில்லா சைட்ல சைட் இன்ஜினியரா இருந்து, சப்கான்ட்ராக்டர் நாலு பேரை ஒழுங்குபடுத்தி, வாரா வாரம் ஷெட்யூல் பார்த்து, கன்சல்டன்ட்கிட்ட அப்ரூவல் வாங்கி, கடைசில ஹேண்டோவர் பண்ணியிருந்தா அது வழிநடத்தின அனுபவம்தான்.

இதுக்கு நேரெதிர் தப்பு சென்னை ஐடி ஆளுங்க பண்றது. நம்ம ஆஃபீஸ்ல எல்லாமே ப்ராஜெக்ட்தான், டிக்கெட் வந்தா மூடுற சப்போர்ட் அக்கவுன்ட் கூட ப்ராஜெக்ட்தான். பிஎம்ஐ கணக்குல அது ஆபரேஷன்ஸ், செல்லாது. ஒரு ஆரம்பம், ஒரு முடிவு, ஒரு புதுப் பொருளோ சேவையோ வெளியே வந்திருக்கணும். அதே சப்போர்ட் அக்கவுன்ட்ல நடுவுல ஒரு சர்வர் மைக்ரேஷன் நீங்க எடுத்து முடிச்சிருந்தா, அதை மட்டும் தனியா எடுத்து போடலாம்.

இன்னொண்ணு, ஒரே நேரத்துல ரெண்டு ப்ராஜெக்ட் ஓடியிருந்தா அந்த மாசங்களை ஒரு தடவைதான் எண்ணணும். ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் ரெண்டு ப்ராஜெக்ட்னா 6 மாசம், 12 இல்ல. ஒரு எக்ஸெல் ஷீட்ல மாசம் மாசமா போட்டுப் பாருங்க, அப்பதான் உண்மையான நம்பர் தெரியும்.

பத்தலையா? சிஏபிஎம் இருக்கு, பிஎம்ஐயோட ஆரம்ப நிலை சர்டிஃபிகேட். அதுக்கு அனுபவம் வேண்டாம், 23 மணி நேர பயிற்சி போதும், 150 கேள்வி, 3 மணி நேரம். ஆனா இன்னும் ஆறேழு மாசத்துல 36 மாசம் முடியப்போகுதுன்னா சிஏபிஎம்ல காசு போடாம பொறுத்திருங்கன்னுதான் நான் சொல்வேன்.

2. பேரை சரி பண்ணுங்க

இதை நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னே தனி ஸ்டெப்பா வெச்சிருக்கேன். டிகிரி சர்டிஃபிகேட்ல இனிஷியல் முன்னாடி, பான் கார்டுல இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேமா, ஆஃபீஸ் மெயில்ல வேற மாதிரின்னு நமக்கு நாலு பேரு இருக்கும். எக்ஸாம் அன்னிக்கு நீங்க காட்டுற ஐடில இருக்கிற பேரும் பிஎம்ஐ அக்கவுன்ட்ல இருக்கிற பேரும் ஒத்துப்போகலைன்னா உள்ள விட மாட்டாங்க, கட்டின காசும் போச்சு.

அதனால எந்த ஐடியை காட்டப்போறீங்கன்னு முதல் நாளே முடிவு பண்ணி (பாஸ்போர்ட் இருந்தா அதுதான் நல்லது, போட்டோவும் கையெழுத்தும் இருக்கும்), அதுல இருக்கிற மாதிரியே எழுத்து எழுத்தா அக்கவுன்ட்டை உருவாக்குங்க. சர்நேம் காலியா இருக்கிற பாஸ்போர்ட்டுன்னா இப்பவே பிஎம்ஐ கஸ்டமர் கேர்ல கேட்டு வெச்சுக்கோங்க. அப்ரூவல் எல்லாம் வந்தப்புறம் பேரை மாத்துறது இழுவை.

3. அப்ளிகேஷனை இப்பவே எழுதிப் பாருங்க, சப்மிட் பண்ண வேண்டாம்

படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏன் அப்ளிகேஷன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம். படிச்சு முடிச்சப்புறம் "எனக்கு 31 மாசம்தான் வருது"ன்னு தெரிஞ்சா அந்த வலி பெருசு. ரெண்டாவது காரணம்தான் முக்கியம்: உங்க சொந்த வேலையை பிஎம்ஐ பேசுற பாஷைல எழுதிப் பாக்குறதே முதல் பாடம். ஸ்டேக்ஹோல்டர் (ப்ராஜெக்ட்டால பாதிக்கப்படுறவங்க, சம்பந்தப்பட்டவங்க) யாரு, ஸ்கோப் (எது வரைக்கும் வேலை) என்ன, ரிஸ்க் என்ன இருந்துச்சுன்னு உங்க ப்ராஜெக்ட்லயே தேடும்போது அப்புறமா புக்ல வர்ற வார்த்தை எல்லாம் தெரிஞ்ச முகமா இருக்கும்.

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் குறிக்கோள், உங்க பங்கு, நீங்க செஞ்ச வேலைகள், கிடைச்ச முடிவு இது நாலும் வரணும். எல்லாரும் சொதப்புற இடம் உங்க பங்குதான். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இஆர்பி (கம்பெனியோட எல்லாப் பிரிவு வேலையையும் ஒண்ணா பாக்குற சாஃப்ட்வேர்) போட்டுக் குடுத்த ப்ராஜெக்ட்டுன்னு வெச்சுக்கோங்க. "டீம் ரிக்வயர்மென்ட் எடுத்து, டெவலப் பண்ணி, டெஸ்ட் பண்ணி லைவ் போச்சு"ன்னு எழுதினா அதுல நீங்க எங்க இருக்கீங்க? "கட்டிங், ஸ்டிச்சிங், டிஸ்பேட்ச் மூணு பிரிவு ஹெட்டோடயும் பேசி ஸ்கோப்பை இறுதி பண்ணேன், வேலையைப் பிரிச்சு ஷெட்யூல் போட்டேன், சீசன் ஆர்டர் நேரத்துல லைவ் போனா டிஸ்பேட்ச் பாதிக்கும்ங்கிற ரிஸ்க்கை முன்னாடியே பதிவு பண்ணி தேதியை நகர்த்த ஒப்புதல் வாங்கினேன், முடிவுல யூசர் சைன்ஆஃப் வாங்கி க்ளோஸ் பண்ணேன்"னு எழுதினா படிக்கிறவருக்கு ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நீங்க தெரிவீங்க. நெட்ல கிடைக்கிற சாம்பிளை காப்பி அடிக்காதீங்க. ஆடிட் (நீங்க எழுதினது உண்மையான்னு பிஎம்ஐ பண்ற சோதனை) வந்தா உங்க பழைய மேனேஜர் அதே பேப்பர்ல கையெழுத்து போடணும், அவருக்கே தெரியாத கதையா இருந்தா போட மாட்டார்.

எழுதினதை அந்த மேனேஜருக்கு இப்பவே அனுப்பி "சரியா இருக்கா சார்"னு கேட்டுடுங்க. கம்பெனி மாறி, நாடு மாறி போனவங்களைத் தேட இதுதான் நேரம், ஆடிட் மெயில் வந்தப்புறம் தேடாதீங்க.

4. 35 மணி நேரத்தை முடிங்க

இது இல்லாம சப்மிட் பண்ண முடியாது. ஆன்லைன்ல ரெக்கார்டட் கோர்ஸ் கம்மி விலைல கிடைக்குது, நேரடி வகுப்பு பல மடங்கு. நான் சொல்றது, இந்த 35 மணி நேரம் ஒரு சர்டிஃபிகேட்டுக்காகவும் ஒரு முழுப் பார்வைக்காகவும்தான், எக்ஸாமை இது பாஸ் பண்ணி வைக்காது. "பாஸ் கேரண்டி"ன்னு ஐம்பதாயிரம் கேட்கிற இடத்துல காசு போடுறதுக்கு முன்னாடி, பாஸ் ஆகலைன்னா என்ன தருவாங்கன்னு எழுத்துல கேளுங்க, பதில் வர்றதுலயே தெரிஞ்சிடும்.

பாக்க வேண்டியது ரெண்டு. சர்டிஃபிகேட்ல 35 மணி நேரம்னு தெளிவா போட்டிருக்கணும், பாடம் இப்போ இருக்கிற எக்ஸாம் அவுட்லைனுக்கு (பிஎம்ஐ வெளியிடுற சிலபஸ்) எடுத்ததா இருக்கணும். பழைய ரெக்கார்டிங்குக்கு புது அட்டை போட்டு விக்கிறது சகஜம்.

முடிச்ச வாரமே அப்ளிகேஷனை சப்மிட் பண்ணிடுங்க.

5. ஆடிட் வந்தா பதறாதீங்க

கொஞ்சம் பேரை ரேண்டமா எடுத்து ஆடிட் போடுவாங்க. நீங்க தப்பு பண்ணதா அர்த்தம் இல்ல. டிகிரி காப்பி, 35 மணி நேர சர்டிஃபிகேட், ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் விஷயம் தெரிஞ்சவர் கையெழுத்து, இவ்வளவுதான், அனுப்ப 90 நாள் டைம். மூணாவது ஸ்டெப்பை ஒழுங்கா பண்ணவங்களுக்கு இது ஒரு வாரத்து வேலை.

அப்ரூவல் வந்தப்புறம் ஒரு வருஷம் டைம், அதுக்குள்ள மூணு தடவை வரைக்கும் எழுதலாம், ஒவ்வொரு தடவைக்கும் காசு உண்டு. கட்டணம் மெம்பருக்கு கம்மி, மத்தவங்களுக்கு ஜாஸ்தி. மெம்பர்ஷிப் காசையும் சேர்த்து கூட்டிப் பாருங்க, மெம்பரானா பிஎம்பாக் கைடு (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கு பிஎம்ஐ போட்ட புத்தகம்) பிடிஎஃப் இலவசமா இறக்கிக்கலாம், அதையும் கணக்குல வைங்க.

6. எக்ஸாம் தேதியை இப்பவே போடுங்க

நல்லா படிச்சுட்டு தேதி போடலாம்னு நினைக்கிறவங்க படிச்சுட்டே இருக்காங்க, தேதி மட்டும் வர்றதே இல்ல. வேலைக்குப் போயிட்டே படிக்கிறவங்களுக்கு வார நாள்ல ஒரு மணி நேரம், சனி ஞாயிறு மூணு மூணு மணி நேரம்னு வெச்சா பத்துப் பன்னெண்டு வாரம் போதும். அந்தக் கணக்குல தேதியை புக் பண்ணுங்க. எக்ஸாமுக்கு 30 நாளுக்குள்ள மாத்தினா தனியா கட்டணம், 48 மணி நேரத்துக்குள்ள மாத்தவே முடியாது, அதனால எக்ஸாமுக்கு 31 நாள் முன்னாடி வர்ற நாளை காலண்டர்ல குறிச்சு வைங்க, தயாரா இல்லையான்னு முடிவு பண்ற நாள் அதுதான்.

தேதி போடும்போது இன்னொண்ணையும் கவனிங்க. 2021 ஜனவரில வந்த அவுட்லைன்படி கேள்விகள்ல பீப்பிள் 42, ப்ராசஸ் 50, பிசினஸ் என்விரான்மென்ட் 8 சதவீதம். 2026 ஜூலைல இருந்து புது எக்ஸாம், அதுல இது 33, 41, 26. பிசினஸ் பகுதி 8ல இருந்து 26க்கு போறது சின்ன விஷயம் இல்ல. நீங்க எழுதுற தேதிக்கு எந்த அவுட்லைனோ அதை பிஎம்ஐ தளத்துல இருந்து இறக்கி பிரின்ட் எடுத்து சுவத்துல ஒட்டுங்க. சிலபஸ் அதுதான், பிஎம்பாக் இல்ல.

7. படிக்கிற வரிசை

இங்கதான் பெரிய சறுக்கல். பிஎம்பாக் கைடை முதல் பக்கத்துல இருந்து கதைப் புத்தகம் மாதிரி படிக்க ஆரம்பிச்சு மூணாவது வாரத்துல மூடி வெச்சிடுவாங்க. அது தேடிப் பாக்குற புத்தகம். 2017ல வந்த ஆறாவது பதிப்புல 49 ப்ராசஸ், 2021ல வந்த ஏழாவதுல ப்ராசஸை ஓரமா வெச்சுட்டு 12 கொள்கை 8 டொமைன்னு மாத்தினாங்க, எட்டாவதுல ப்ராசஸ் திரும்ப வந்திருக்கு. இந்த மாற்றத்தை எல்லாம் பார்த்து குழம்ப வேண்டாம். எதை எதுக்கு முன்னாடி செய்யணும், ஏன்னு புரிஞ்சா எந்தப் பதிப்பும் ஒண்ணுதான். 49 ப்ராசஸோட இன்புட் அவுட்புட்டை மனப்பாடம் பண்ணச் சொல்றவங்க பழைய காலத்து ஆளுங்க.

நான் சொல்ற வரிசை இது. முதல்ல ப்ரெடிக்டிவ், அதாவது முன்னாடியே முழுசா திட்டம் போட்டு செய்யுற முறை: சார்ட்டர் (ப்ராஜெக்ட்டை ஆரம்பிக்க அனுமதி தர்ற பேப்பர்), ஸ்கோப், வேலையைப் பிரிக்கிறது, ஷெட்யூல், பட்ஜெட், ரிஸ்க், சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாற்றம் வேணும்னு முறைப்படி எழுதிக் கேக்குறது), க்ளோஸ் பண்றது. அப்புறம் அஜைல், அதாவது சின்ன சின்ன துண்டா செஞ்சு காட்டி மாத்திக்கிட்டே போற முறை. அதுக்கு முதல்ல ஸ்க்ரம் (அஜைல்ல ரொம்பப் புழக்கத்துல இருக்கிற ஒரு முறை) கைடு, இலவசம், பதினாலு பக்கம்தான், ஒரே மூச்சுல படிச்சிடலாம், அடுத்து பிஎம்ஐயோட அஜைல் ப்ராக்டிஸ் கைடு. கடைசில ஆளுங்க சம்பந்தப்பட்டது: சண்டை தீர்க்கறது, டீம் உருவாகுற கட்டங்கள், சர்வன்ட் லீடர்ஷிப் (அதிகாரம் பண்ணாம டீமுக்கு உதவி செஞ்சு வழிநடத்துறது). 2021 அவுட்லைன்படி எக்ஸாம்ல பாதி ப்ரெடிக்டிவ், பாதி அஜைலும் ஹைப்ரிட்டும் (ரெண்டும் கலந்தது).

ஏன் இந்த வரிசைன்னா, அஜைலை முதல்ல படிச்சவங்க எல்லாத்துக்கும் "டீமே முடிவு பண்ணட்டும்"னு டிக் பண்றாங்க. கட்டட வேலை, ஃபேக்டரி வேலைல இருந்து வர்றவங்களுக்கு இதுக்கு நேர்மாறான பிரச்சனை, அவங்களுக்கு அஜைலுக்கு ரெண்டு வாரம் கூடவே ஒதுக்கணும், ப்ராடக்ட் ஓனர்னா (எந்த வேலை முதல்லன்னு முடிவு பண்றவர்) க்ளையன்ட்டோட இன்ஜினியர்னு நினைச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் போவாங்க.

8. கேள்வியைப் படிக்கிற விதம்

நேரத்தை அதிகமா செலவு பண்ண வேண்டிய இடம் இது. பத்து வருஷம் அனுபவம் இருக்கிறவங்க தப்பு பண்ணி, மூணு வருஷ ஆள் சரியா போடுறது இங்கதான் நடக்கும், ஏன்னா சீனியர் தன் ஆஃபீஸ்ல என்ன செய்வாரோ அதை டிக் பண்றார்.

ஒரு கேள்வியைப் பாருங்க, நானே எழுதினது. ஷெட்யூல் எல்லாம் முன்னாடியே இறுதியான ப்ராஜெக்ட், பாதி வேலை ஓடிட்டு இருக்கு. க்ளையன்ட் பக்கத்து மேனேஜர் ஒருத்தர் உங்க டெவலப்பருக்கு நேரடியா ஃபோன் பண்ணி ஒரு புது ரிப்போர்ட் கேட்டுட்டார், டெவலப்பரும் ஆரம்பிச்சிட்டார். நீங்க முதல்ல என்ன செய்வீங்க? ஒண்ணு, க்ளையன்ட்டோட மேலதிகாரிகிட்ட புகார். ரெண்டு, சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடுறது. மூணு, டெவலப்பர்கிட்டயும் அந்த மேனேஜர்கிட்டயும் பேசி என்ன கேட்டாங்க, அதனால என்ன பாதிப்புன்னு பாக்குறது. நாலு, ஷெட்யூலை மாத்துறது.

நம்ம ஆஃபீஸ்ல நடக்கிறது நாலு. கோவம் வந்தா ஒண்ணு. புக் படிச்சவங்க ரெண்டைப் போடுவாங்க, அது தப்பான வேலை இல்ல, ஆனா "முதல்ல"ன்னு கேட்டிருக்கு. என்ன கேட்டாங்கன்னே தெரியாம சேஞ்ச் ரிக்வெஸ்ட்ல என்ன எழுதுவீங்க? அதனால மூணு. அப்புறமா சேஞ்ச் ரிக்வெஸ்ட், ஒப்புதல் வந்தா ஷெட்யூல் மாத்துறது. இதே கதை ஸ்க்ரம் டீம்ல நடந்தா சேஞ்ச் ரிக்வெஸ்ட்டே கிடையாது, ப்ராடக்ட் ஓனர்கிட்ட அனுப்பணும், பேக்லாக்ல (செய்ய வேண்டிய வேலைகளோட பட்டியல்) எங்க வைக்கணும்னு அவர் முடிவு பண்ணுவார். அதனால கேள்வியோட முதல் வரில எந்த மாதிரி ப்ராஜெக்ட்டுன்னு பிடிக்கணும், கடைசி வரில "முதல்ல"வா "அடுத்து"வான்னு பிடிக்கணும், அதுக்கப்புறம்தான் நடுவுல இருக்கிற கதை.

பொதுவா செல்லுபடியாகுற சில பழக்கம்: ஆராயாம செயல்ல இறங்குற விடை பெரும்பாலும் தப்பு. ஸ்பான்சர்கிட்ட (ப்ராஜெக்ட்டுக்கு காசும் ஆதரவும் தர்ற மேலிடம்) ஓடுற விடை, உங்க அதிகாரத்துக்குள்ள ஒரு வழி இருக்கிற வரைக்கும் தப்பு. ஆளை டீமை விட்டு தூக்குற விடை கிட்டத்தட்ட எப்பவுமே தப்பு. இன்னும் நடக்காதது ரிஸ்க், நடந்துட்டா இஷ்யூ, அந்த ரெண்டுக்கும் பாக்க வேண்டிய பதிவேடு வேற. பாதுகாப்பு, சட்டம், லஞ்சம் சம்பந்தமா வந்தா மட்டும் பேசிப் பாக்குறதெல்லாம் இல்ல, உடனே நிறுத்தி தெரியப்படுத்தணும்.

9. கணக்கு கொஞ்சம்தான், ஆனா விடாதீங்க

ஃபார்முலா பயத்துலயே ரெண்டு வாரத்தை வீணடிக்கிறாங்க. எர்ன்ட் வேல்யூ (ஆன வேலையோட மதிப்பை வெச்சு நிலைமையைப் பாக்குறது), க்ரிட்டிக்கல் பாத் (ப்ராஜெக்ட் எப்ப முடியும்னு தீர்மானிக்கிற நீளமான வேலைத் தொடர்), கம்யூனிகேஷன் சேனல் (இத்தனை பேர் இருந்தா எத்தனை ஜோடிப் பேச்சுன்னு எண்றது) இது மூணும் போதும்.

எர்ன்ட் வேல்யூவுக்கு ஒரு உதாரணம்: ஒரு காம்பவுண்ட் சுவர், 1000 அடி, 10 லட்சம், 10 நாள்ல முடிக்கணும். அஞ்சாவது நாள் சாயங்காலம் 400 அடி முடிஞ்சிருக்கு, 3.2 லட்சம் செலவு. திட்டப்படி 5 லட்சத்துக்கு வேலை ஆகியிருக்கணும், உண்மைல ஆன வேலையோட மதிப்பு 4 லட்சம். 4ஐ 5ஆல வகுத்தா 0.8, வேலை லேட். 4ஐ 3.2ஆல வகுத்தா 1.25, செலவு மிச்சம். இப்படியே போனா மொத்த செலவு 10ஐ 1.25ஆல வகுத்து 8 லட்சம். எக்ஸாம்ல பெரும்பாலும் வகுக்கக்கூட சொல்ல மாட்டாங்க, 0.8ம் 1.25ம் குடுத்து "நிலைமை என்ன"ன்னு கேப்பாங்க. ஒண்ணுக்கு மேல நல்லது, கீழ கெட்டது, ரெண்டுலயும் முதல்ல வர்றது ஆன வேலையோட மதிப்பு. இதுக்கு மேல தோண்டாதீங்க.

10. மாக் டெஸ்ட்

கடைசி நாலு வாரம் இதுக்குத்தான். பிஎம்ஐ விக்கிற ஸ்டடி ஹால் (ஆன்லைன்ல பயிற்சிக் கேள்வியும் மாக் டெஸ்ட்டும்) எடுத்துக்கோங்க, உண்மையான கேள்வியோட வாடை அதுலதான் இருக்கு. அதுல எக்ஸ்பர்ட்னு போட்டிருக்கிற கேள்வி சிலது சண்டைக்கு இழுக்கும், அதை தப்பா போட்டதுக்கு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

ஃபுல் டெஸ்ட்டை ரெண்டு மூணு துண்டா எழுதாதீங்க. 180 கேள்வி, 230 நிமிஷம் (2026 ஜூலை எக்ஸாம்னா 240), ஒரு கேள்விக்கு ஒண்ணேகால் நிமிஷம் சொச்சம். நூத்தம்பதாவது கேள்வில மூளை எப்படி இருக்கும்னு வீட்லயே தெரிஞ்சுக்கணும். எழுதின நேரத்தை விட ரெண்டு மடங்கு நேரம் விடையைப் பாக்க ஒதுக்குங்க, சரியா போட்டதையும் பாருங்க, குருட்டாம்போக்குல சரியா வந்தது அதுல ஒளிஞ்சிருக்கும். தப்பு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல காரணம் எழுதுங்க: பாடம் தெரியலையா, கேள்வியை சரியா படிக்கலையா, ரெண்டு விடைக்கு நடுவுல தடுமாறினீங்களா. ஒரு டெஸ்ட் முடிஞ்சதும் உங்க நோய் எதுன்னு தெரிஞ்சிடும், பாடம் தெரியாதவர் மட்டும்தான் புக்குக்கு திரும்பப் போகணும்.

புது புது சைட்ல இருந்து கேள்வியை சேர்த்துக்கிட்டே போறது வீண். உண்மையான எக்ஸாம் கேள்வின்னு சொல்லி விக்கிற டம்ப் பக்கம் போகவே கூடாது, பிடிபட்டா சர்டிஃபிகேட்டே போயிடும், போதாததுக்கு அதுல பாதி விடை தப்பு.

11. சென்டரா வீடா, அப்புறம் அந்த நாள்

பக்கத்துல பியர்சன் வியூ (பிஎம்ஐக்காக எக்ஸாம் நடத்துற கம்பெனி) சென்டர் இருந்தா அங்கேயே போங்க. வீட்ல எழுதினா கேமரா முன்னாடி இருந்து நகர முடியாது, வாய்விட்டு படிச்சா வார்னிங், யாராவது ரூமுக்குள்ள வந்தா முடிஞ்சது, குக்கர் விசில், பவர்கட், நெட் எல்லாம் உங்க தலைல. வேற வழியே இல்லாம வீட்ல எழுதினா சிஸ்டம் டெஸ்ட்டை அதே லேப்டாப், அதே நெட், அதே ரூம்ல ஓட்டிப் பாருங்க. ஆஃபீஸ் லேப்டாப் வேண்டாம், அதுல இருக்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் எக்ஸாம் சாஃப்ட்வேரை தடுக்கும்.

230 நிமிஷ எக்ஸாம்ல 60வது கேள்விக்கு அப்புறம் ஒண்ணு, 120க்கு அப்புறம் ஒண்ணுன்னு 10 நிமிஷ பிரேக் ரெண்டு. பிரேக்குக்கு போறதுக்கு முன்னாடி அந்த 60ஐயும் ரிவ்யூ பண்ணிடுங்க, திரும்பி வந்தா அதைத் தொட முடியாது. ஒவ்வொரு 60க்கும் 76 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. தெரியாத கேள்வில உட்கார்ந்துடாதீங்க, தப்புக்கு மைனஸ் மார்க் இல்ல, ஒண்ணை டிக் பண்ணி மார்க் போட்டுட்டு நகருங்க. பிரேக் எடுக்காம வீரம் காட்டுறவங்க மூணாவது பகுதில வேகத்தை இழக்குறாங்க.

12. ரிசல்ட்டும் அதுக்கப்புறமும்

பாஸ் மார்க் இவ்வளவுன்னு பிஎம்ஐ வெளியே சொல்றது கிடையாது, யாராவது 61 சதவீதம்னு சொன்னா அது பழைய கதை. ஒவ்வொரு டொமைனுக்கும் (பீப்பிள், ப்ராசஸ், பிசினஸ் என்விரான்மென்ட்) அபவ் டார்கெட், டார்கெட், பிலோ டார்கெட், நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்னு நாலுல ஒண்ணு வரும். ஃபெயில் ஆனா அந்த ரிப்போர்ட்டை வெச்சு எந்த டொமைன் விழுந்துச்சோ அதை மட்டும் எடுங்க, முதல்ல இருந்து கோர்ஸை ஓட்டாதீங்க, ஆறு வாரத்துக்குள்ள திரும்ப எழுதுங்க, அதுக்கு மேல போனா படிச்சதெல்லாம் கரைஞ்சிடும்.

பாஸ் ஆனா மூணு வருஷத்துக்கு 60 பிடியு (தொடர்ந்து கத்துக்கிறதுக்கு கிடைக்கிற பாயின்ட்) சேர்க்கணும், இல்லைன்னா சர்டிஃபிகேட் காலாவதி. அதுல குறைஞ்சது 35 படிச்சு சேர்க்கிறதா இருக்கணும். இதை மூணாவது வருஷ டிசம்பர்ல ஞாபகம் வெச்சுக்கிட்டு காசு குடுத்து வெபினார் வாங்குறவங்க இருக்காங்க. தேவையே இல்ல, பிஎம்ஐ தளத்துல இலவச வெபினார் நிறைய கிடைக்கு, பிஎம்ஐயோட உள்ளூர் கிளைகளான சென்னை சாப்டர், கொழும்பு சாப்டர் நடத்துற கூட்டங்களுக்கும் பிடியு உண்டு. மாசம் ரெண்டு பிடியுன்னு போட்டு, பார்த்த அன்னிக்கே பதிவு பண்ணி வெச்சா முப்பதாவது மாசத்துல முடிஞ்சிடும்.